அக்காவின் செருப்புச் சத்தம்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னப் பத்தி எழுத இன்னாடி இருக்குது?" என்று ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை போடுவார். அந்தப் பஸ்ஸிலும் சும்மா வரமாட்டார். ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போகிற யாராவது ஒரு அம்மாவுக்குத் துணையாகத்தான் வந்து இறங்குவார்.

ஊரில் பாதிப் பேருக்கு அப்படித் துணை போனவர், தனக்குத் துணை வேண்டும் என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார். என்னிடம்தான் கேட்டார். ஒரு பேய் விளையாட்டுக்காக அந்தச் சனிக்கிழமையை நான் கோட்டை விட்டேன். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எவ்வளவு நல்லதாக எழுதினாலும் அது பித்தலாட்டம்.

கள்ளக்குறிச்சி அப்போது இன்னும் மாவட்டம் ஆகவில்லை. எதற்கெடுத்தாலும் விழுப்புரத்துக்கு ஓட வேண்டும். தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் நானும் அவரும் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் டைப் அடிக்க உட்கார்ந்தவள். அக்கா எனக்கு முன்பே ஏழெட்டு வருஷமாக அங்கே இருந்தார். ஜெராக்ஸ் எடுப்பார், லேமினேஷன் போடுவார், எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். களமருதூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கேட்டால், "ஆதார்ல பாத்துக்கடி" என்பார்.

விண்ணப்பம் நிரப்பும்போதே பேச்சுக் கொடுத்து ஆளைக் கறந்துவிடுவார். வந்த பெண், "நாளைக்கு ஸ்கேனுக்கு வரச் சொல்லிக்கிறாங்க" என்று வாய் தவறிச் சொன்னால் போதும்.

"கூட யாரு வராங்க?"

"யாரும் இல்லீங்க. அவரு வேலைக்குப் பூடுவாரு."

"காலைல எத்தினி மணிக்கு? நா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயரே அப்போதுதான் விண்ணப்பத்தைப் பார்த்து அக்காவுக்குத் தெரிந்திருக்கும். கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "இது ஜெராக்ஸ் கடையா, இல்ல ஆள் அனுப்புற கடையா?" என்று கத்துவார். கடைத்தெருவில் அக்காவுக்கு 'துணை கலெக்டர்' என்று பட்டப்பெயரே உண்டு. அவருக்கும் அது தெரியும். "கலெக்டருக்கு ஜீப் குடுப்பாங்க. எனக்கு ஒரு செருப்பு கூட எவனும் வாங்கிக் குடுக்கல" என்பார்.

அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரப்பர் செருப்பு. இடது காலில் வார் அறுந்து, அதில் ஒரு ஊக்கு குத்தியிருப்பார். நடந்தால் 'சளப், சளப்' என்று வரும், இடது காலுக்கு மட்டும் கூடவே ஒரு 'டிக்'. துணைக்குப் போகும்போது அவர் முன்னால் நடக்க மாட்டார், பக்கத்திலும் நடக்க மாட்டார். இரண்டடி பின்னால்தான் வருவார். ஏன்கா இப்படி, போலீஸ் மாதிரி, என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"முன்னாடி போனா, நா இழுத்துக்கினு போற மாரி இருக்கும். பக்கத்துல போனா, பேசணும்னு தோணும். பின்னாடி வந்தா அவங்க பாட்டுக்கு அழுதுக்கினு போவலாம், தொடச்சிக்கலாம். நா இருக்கேன்னு காதுல மட்டும் கேட்டுக்கினே இருக்கும்" என்றார்.

போகிற இடத்தில் அவர் எதுவும் செய்யவும் மாட்டார். யாருக்காகவும் வாதாட மாட்டார், அதிகாரியைப் பார்த்துக் கெஞ்ச மாட்டார். பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து, பையிலிருந்து குளுக்கோஸ் பிஸ்கட்டை எடுத்துக் கொடுப்பார். கூப்பிட்டதும் கூடவே உள்ளே போய் நிற்பார். டாக்டர் பேசுவதைக் கேட்பார். அதுதான் வேலை.

அதன் அருமை எனக்கு என் அம்மா விஷயத்தில்தான் தெரிந்தது. அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஏதோ கோளாறு என்று விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது. எனக்கு அன்றைக்கு அரசு வேலைக்கான பரீட்சை. அக்கா போனார். சாயங்காலம் வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லன்னுட்டாரு. மாத்திரை குடுத்திருக்காரு" என்றார் அம்மா, முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டே, "அப்டி சொல்லலக்கா" என்றார். பிறகு டாக்டர் சொன்னதை வரிசையாக ஒப்பித்தார். கட்டி எவ்வளவு பெரிது, மூன்று மாதம் பார்ப்பார்கள், கரையாவிட்டால் ஆபரேஷன், தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு. அம்மா ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எப்பம்மா சொன்னாரு? நானும் அங்கதான ஒக்காந்துக்கினு இருந்தேன்?"

வெளியே வந்து அக்கா என்னிடம் சொன்னார்: "பயந்துட்டா காது அடச்சிப்பூடும்டி. டாக்டர் வாய் அசையறது தெரியும், ஒண்ணும் உள்ள போவாது. அதுக்குத்தான் பக்கத்துல இன்னொரு காது வேணும்ன்றது."

இவ்வளவு சொல்கிறேனே, அக்கா தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கிக் 'கர்' என்றால் "யேசுவே" என்று இரண்டடி தள்ளிப் போவார். பேய்ப்படத்துப் போஸ்டர் ஒட்டிய சுவர்ப்பக்கம் குடையைச் சாய்த்துக்கொண்டு நடப்பார். நான் கேட்டு மானத்தை வாங்கினால், "பயப்படறவளுக்குத்தான்டி துணை இன்னான்னு தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

சில நேரம் அவருடைய துணை தொல்லையாகவும் இருக்கும். எனக்கு அப்போது ஒருத்தன் மேல் ஒரு இது. கோமுகி அணைப் பூங்காவில் பார்ப்பதாகப் பேச்சு. எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். "தனியாவா போற? அணை பக்கம்? நா வரேன்." வேண்டாம்கா, கெஞ்சுகிறேன்கா என்றாலும் கேட்கவில்லை. வந்து, தூரத்தில் ஒரு மரத்தடியில் பேப்பரை விரித்து எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான் வெட்கத்தில் செத்தேன். திரும்பி வரும்போது அவனைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நீ பேசும்போது அவன் போனையே நோண்டிக்கினு இருக்கான்டி." முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவருக்கு அது எப்படித் தெரிந்ததோ. எனக்கு அப்படிக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. அவன் விஷயம் இரண்டு மாதத்தில் தானாகவே தீர்ந்தது.

இனி அந்தப் பேய் விளையாட்டு.

என்னோடு கல்லூரியில் படித்த தினேஷ், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தான். அவனுக்கும் எனக்கும் கேம் செய்கிற பைத்தியம். இணையத்தில் கேம் ஜாம் என்று நடத்துவார்கள். ஒரு தலைப்புக் கொடுத்து ஒரு வாரம் அவகாசம் தருவார்கள். அந்தத் தலைப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு சின்ன கேம் செய்து ஏற்றலாம். பரிசு கிரிசு கிடையாது. ஒருத்தர் செய்ததை மற்றவர்கள் விளையாடிப் பார்த்து நாலு வார்த்தை எழுதுவார்கள், அவ்வளவுதான். ஒரு விளையாட்டுக்கான விளையாட்டு. ஆனால் நாளெல்லாம் அடுத்தவர்களின் வாரிசுச் சான்றிதழை டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்கு, 'இது நான் செய்தது' என்று காட்ட ஒன்று வேண்டியிருந்தது. அந்த வாரம் அது எனக்கு உசிராகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைப்பு வந்தது: 'பின்னால் யாரோ'. அடுத்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். பேய் கேம்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டோம். கல்வராயன் மலையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட ஒரு பெண். இருட்டு, கையில் டார்ச், காட்டுப் பாதை. முன்னால் நடக்க ஒரே ஒரு பட்டன். பின்னால் காலடிச் சத்தம். நடக்காமல் நின்றால் பேய் வந்து பிடித்துவிடும், ஆட்டம் முடிந்தது. 'பஸ்ஸை விட்டவள்' என்று பெயரும் வைத்துவிட்டோம்.

மறுநாள் சத்தம் பதிவு செய்ய மலைக்குக் கிளம்பினோம். துணைக்கு யார் வந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கரியாலூருக்கு மேலே ஒரு ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். நான் முன்னால் நடந்தேன். அக்கா வழக்கம்போல் இரண்டடி பின்னால். தினேஷ் போனில் பதிவு போட்டுக்கொண்டு குனிந்தே வந்தான். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டுப் பார்த்தவன், "ஏய், மத்த சத்தமே வேணாம்" என்றான். சளப், சளப், டிக். உலர்ந்த சருகு மேல் அந்தச் செருப்புச் சத்தம், ஹெட்போனில் கேட்கும்போது எனக்கே முதுகு சில்லென்றது.

"நீங்கதான்கா பேய்" என்றான் தினேஷ்.

"அட போப்பா! ஞானஸ்நானம் வாங்கினவடா நானு" என்று அக்கா பதறினார்.

அந்தப் பாதையில் முன்னால் ஒருவர் தலையில் கடுக்காய் மூட்டையோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்காகத்தான் நின்றிருக்கிறார். ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். "பின்னாடி சத்தம் கேட்டுச்சுங்களே. கரடி நடமாட்டம் இருக்கற எடம். நின்னு கூட்டிக்கினு போறதுதானுங்க இங்க வழக்கம்" என்றார். மூட்டையை இறக்காமலே நின்றிருந்தார். நாங்கள் சரி என்று அவரோடு சேர்ந்து ரோடு வரைக்கும் நடந்தோம். அதை அப்போது நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை கேமின் முதல் வடிவம் தயார். கடைக்குச் சாதிச் சான்றிதழுக்காக வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். சர்வர் வேலை செய்யவில்லை, காத்திருக்க வேண்டும். "அம்மா, இத ஒரு தடவ வெளையாடிப் பாருங்க" என்று ஹெட்போனை மாட்டிவிட்டேன். பட்டனை அழுத்தி நடந்தார். பின்னால் காலடி ஆரம்பித்தது. விரலை எடுத்துவிட்டார்.

"நிக்காதீங்கம்மா, நடங்க, நடங்க!"

"வரட்டும் பாப்பா. பின்னாடி ஆளு வராங்க இல்ல?"

பேய் வந்து கழுத்தைப் பிடித்தது. திரை சிவப்பாகி ஆட்டம் முடிந்தது. அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். "இன்னா பொண்ணு நீ? நின்னு கூட்டிக்கினு போலாம்னு நின்னா, கழுத்தப் புடிக்கறாங்க! இதெல்லாம் ஒரு வெளையாட்டா?" மலையிலிருந்து வந்த இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்தோம். அவர்களும் நின்றார்கள். பயம் என்று ஒருத்தர் முகத்திலும் இல்லை. என் பேயை எல்லோரும் வழித்துணையாக்கிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அக்காவை உட்கார வைத்தேன். மாட்டேன், மாட்டேன் என்று பிகு பண்ணிவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஹெட்போனை மாட்டினார். நடந்தார். காலடி வந்தது. "ஏய், என் செருப்புடி!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே நடந்தார். இவர் பயப்படாவிட்டால் வேறு யார் பயப்படப் போகிறார்கள், தொலைந்தோம் என்று நான் நினைத்தபோது, அக்கா சட்டென்று ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாற்காலியோடு திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"எங்கடி போச்சு?"

"எது?"

"பின்னாடி வந்துக்கினே இருந்துது. நின்னுபோச்சு. எங்க போச்சு?"

பார்த்தால் எங்கள் தப்பு. காலடிச் சத்தம் திரும்பத் திரும்ப ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் குறித்துவைக்க மறந்திருந்தோம். நாற்பது விநாடியில் சத்தம் தானாகத் தீர்ந்துவிட்டது. மலைக்காரர்கள் அவ்வளவு தூரம் நடக்கவே இல்லை, அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. நான் திருத்தப் போனேன். அக்கா பிஸ்கட்டைக் கடித்துப் படபடப்பைத் தணித்துக்கொண்டே, "சத்தம் வரவரைக்கும் ஒண்ணும் இல்லடி. நின்னாதான் கொல நடுங்குது" என்றார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தினேஷுக்குப் போன் போட்டு, "எல்லாத்தையும் தலைகீழா மாத்தணும்டா" என்று கத்தினேன். பின்னால் வருவது பேய் இல்லை. துணை. நீ அவசரப்பட்டு ஓடினால் துணை பின்தங்கும், சத்தம் தேயும். நின்று கூட்டிக்கொண்டு போனால் சத்தம் நெருங்கி வரும். அது ஒரேயடியாக நின்றுபோன பிறகுதான் பேய். அந்த நிசப்தத்தைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டால் போதும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி நான் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்கா கேட்டார்.

"சனிக்கெழம நீ ஃப்ரீயாடி?"

"ஏன்கா?"

"பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போவணும். மார்ல ஒரு கட்டி மாரி இருந்துது. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிக்கிறாங்க. ரிசல்ட்டு சொல்றாங்களாம். சும்மாதான்."

நான் அந்த 'சும்மாதான்' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "ஞாயித்துக்கெழம கேம் ஏத்தணுமேக்கா. இப்பதான் எல்லாத்தையும் மாத்தறோம். திங்கக்கெழம போலாமா?" என்றேன்.

"அட, நா சும்மா கேட்டேன்டி. நீ வேலயப் பாரு" என்றார். லேமினேஷன் மெஷினை ஆன் செய்யப் போய்விட்டார். ஊரையெல்லாம் 'கூட யாரு வராங்க' என்று கேட்டவரிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவர் தனியாகப் போனார். மத்தியானம் ஒரு மணி இருக்கும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் தினேஷும் வேலையில் மூழ்கியிருந்தோம். அக்காவிடமிருந்து போன்.

"ஒண்ணும் இல்லடி, சும்மா பண்ணேன். கேம் எந்த அளவுல இருக்குது?"

நான் ஆரம்பித்துவிட்டேன். சத்தம் எப்படித் தேய்கிறது, எப்போது நிற்கிறது, நின்றதும் சில்வண்டைக்கூட நிறுத்திவிட்டோம், அப்படி இப்படி என்று பத்து நிமிஷம் அளந்தேன். அந்தப் பக்கம் நம்பர் நம்பராகக் கூப்பிடுவது கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா உம் கொட்டிக்கொண்டே இருந்தார். ரிசல்ட் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. பிறகு, "என் நம்பரு வந்துடுச்சு" என்றார்.

"சரிக்கா, வைக்கட்டா?"

"வைக்காத. நா அப்டியே பையில போட்டுக்கறேன். நீ லைன்லயே இரு."

"சரிக்கா" என்றேன். பை உரசுகிற சத்தம். கதவு. யாரோ ஒருவர், உட்காருங்கம்மா என்றார். அந்த நேரம் பார்த்து தினேஷ், "ஏய், ரெடியாயிடுச்சு, வா, வா" என்று கூப்பிட்டான். நாங்கள் இரண்டு நாள் பாடுபட்டுச் செய்த நிசப்தத்தைக் கேட்க வேண்டும். போனில் ஆஸ்பத்திரி இரைச்சல் வந்துகொண்டிருந்தது. நான் போனை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

இதற்குப் பின்னால் எத்தனையோ முறை அக்காவோடு பாண்டிச்சேரிக்குப் போயிருக்கிறேன். எட்டு மாதம் வைத்தியம் நடந்தது. முடி கொட்டி, மறுபடி சுருட்டையாக முளைத்தது. "சர்ச்சுல எல்லாரும் பார்லர் போனியான்னு கேக்கறாங்கடி" என்று அவரே சிரித்தார். பிழைத்து, இன்றைக்கு ஓசூரில் தம்பி வீட்டில் நன்றாக இருக்கிறார். அத்தனை முறை போனதையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்தச் சனிக்கிழமைக்கு ஈடாகாது. என்னால் அதை மன்னிக்க முடியவில்லை, அவர் எப்போதோ மன்னித்துவிட்டார் என்பது வேறு.

அந்த ஞாயிறு சாயங்காலம் கேமை ஏற்றிவிட்டோம். அன்றைக்கு முழுக்க நான் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. திங்கள் காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தேன், அக்கா வந்தார். எப்போதும்போல் பையை மாட்டிவிட்டு, "முடிஞ்சுதா? காட்டு" என்றார். எத்தனை பேர் விளையாடியிருக்கிறார்கள், யாரோ ஒருத்தர் 'விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தேன்' என்று எழுதியிருக்கிறார் என்று நான் பெருமை அடித்துக்கொண்டே போட்டுக் காட்டினேன்.

அக்கா நடந்தார். செருப்புச் சத்தம் கூடவே வந்தது. ஓரிடத்தில் தேய்ந்தது. நின்றது. நான் அவர் அலறப் போகிறார் என்று ஆவலாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அலறவில்லை. ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாருடி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னக் கேட்டா எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"நீ லைன்ல இருந்தல்ல? அவரு ரொம்ப நேரம் பேசினாரு. பேப்பர்ல படம்லாம் போட்டுக் காட்டினாரு. எனக்கு காது அடச்சிப்பூடுச்சு. ஒரு வார்த்த உள்ள போவல. சரி, பையில நீ இருக்க, கேட்டுக்கினு இருப்பன்னு நா பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கினு வந்துட்டேன். ஃபைலையும் அவங்களே வச்சிக்கினாங்க." கையில் ஒரு சின்னச் சீட்டு. அடுத்து வர வேண்டிய தேதி மட்டும் அதில் இருந்தது.

"நேத்தே கேட்டிருக்கலாமேக்கா."

"நேத்து உனக்கு அந்த வேல இருந்துதே. முடியட்டும்னு இருந்தேன்."

சிக்னல் போய்விட்டது என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதைச் சொன்னால் அவர் நம்பியும் இருப்பார். வாய் வரவில்லை. "நான்தான் கட் பண்ணிட்டேன்கா" என்றேன்.

"எப்ப?"

"நீங்க உள்ள போனதுமே."

அக்கா சீட்டை மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். "அப்ப யாருமே கேக்கலியா?" என்றார். கோபமாக இல்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுபோல்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி வுடு. நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயி இன்னொருக்கா கேட்டுக்கினு வந்துடுவோம். திட்டினா திட்டட்டும். வரியா?"

"வரேன்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குள் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏய், நிறுத்துடி. அழுதா உனக்கும் காது அடச்சிக்கும். நாளைக்கு நீதான் கேக்கணும்."